குதிரைக்குத் தெரியாது

“இந்தப் பொண்ணு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது டீச்சர்” என்றார் வல்லிநாயகம்.

ஜெசிந்தா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னீங்க?”

“குதிரையை விரட்டச் சொன்னேன்.”

“அவ?”

“மாட்டேங்கறா.”

ஜெசிந்தா இன்னொரு வாய் டீ குடித்தார்.

வல்லிநாயகம் சினிமா இயக்குநர். சண்டைப் படங்களில் பேர் வாங்கியவர். அவர் படங்களில் குதிரைகள் நிறைய உண்டு. நெருப்புக்கு நடுவே பாயும். வில்லனைச் சுமந்துகொண்டு மலையேறும். குழந்தைகள் மட்டும் கிடையாது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. வீட்டோடு எல்லாரும் போய்ப் பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஒரு சிறுமி, ஒரு குதிரை. கதை அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா கொடைக்கானலில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறவர். வல்லிநாயகம் ஒரு நாடகத்தைப் பார்த்தார். மறுநாள் காலையிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“எனக்குக் கத்துக்குடுங்க.”

“என்னத்தை?”

“பிள்ளைங்களை எப்படி நடிக்க வைக்கறதுன்னு.”

“அது எனக்குத் தெரியாதே.”

“அப்ப நேத்து மேடையில நான் பார்த்தது?”

“அதுங்க விளையாடிக்கிட்டு இருந்துச்சு. நான் திரையைத் தூக்கினேன்.”

அன்றிலிருந்து ஜெசிந்தா அவருக்கு டீச்சர். வயதில் இளையவர்தான். அவரோ வல்லிநாயகத்தைக் கடைசிவரை சார் என்றே கூப்பிட்டார்.

படப்பிடிப்புக்கு வர ஜெசிந்தா ஒரு நிபந்தனை போட்டார்.

“நானா எதுவும் சொல்ல மாட்டேன். நீங்க கேட்டா சொல்வேன். சொன்னது பிடிக்கலைன்னாலும் செய்யணும்.”

வல்லிநாயகம் ஒத்துக்கொண்டார்.

சிறுமியின் பெயர் ஆதிரை. வத்தலக்குண்டுப் பிள்ளை. மூன்றாம் வகுப்பு. குதிரையை அதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை.

குதிரை அந்தோணி என்பவருடையது. ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. நெற்றியில் வட்டமாக வெள்ளை. ஆதிரை அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள்.

முதல் நாள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். பிறகு டிபன் பாக்ஸிலிருந்து பாதிச் சப்பாத்தி பொட்டுக்குப் போனது. பிறகு முழுச் சப்பாத்தியும் போனது. இப்போது சாப்பாட்டு இடைவேளையில் அதன் முன்னங்காலில் சாய்ந்தபடி தூங்குகிறாள். அவள் எழும்வரை அது காலை மாற்றி வைப்பதில்லை.

மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி மட்டும்.

கதைப்படி, குதிரையைப் பிடித்துப்போக ஆட்கள் வருகிறார்கள். அதைத் தப்ப வைக்கச் சிறுமிக்கு ஒரே வழிதான். விரட்ட வேண்டும். ‘போ! உன்னை எனக்குப் பிடிக்கலை!’ என்று கத்த வேண்டும். மண்ணாங்கட்டியை எடுத்து எறிய வேண்டும். குதிரை மிரண்டு காட்டுக்குள் ஓடியதும் தரையில் விழுந்து அழ வேண்டும்.

தயாரிப்பாளர் இந்த ஒரு காட்சிக்காகத்தான் படத்துக்குச் சம்மதித்தார். ‘தியேட்டரே அழும்யா’ என்றார்.

புல்வெளியில் படம் பிடிக்க மறுநாள் வரைதான் அனுமதி.

“ஏன் மாட்டேங்கறா?” ஜெசிந்தா கேட்டார்.

வல்லிநாயகத்துக்கு அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

“‘இது நடிப்புன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பொட்டுக்குத் தெரியாதே’ங்கறா.”

“ம்.”

“பஞ்சுல செஞ்ச மண்ணாங்கட்டி டீச்சர். கையில குடுத்துக் காட்டினேன். வலிக்காது பாருன்னு.”

“என்ன சொன்னா?”

“‘வலிக்காதுதான். ஆனா எறிஞ்சது நான்னு அதுக்குத் தெரியுமே’ங்கறா.”

ஜெசிந்தா டம்ளரைக் கீழே வைத்தார்.

“சாக்லேட் குடுத்தாச்சு. அவங்க அம்மா காதைத் திருகியாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா.”

“அவகிட்டச் சொல்ல ஒண்ணுமில்லையே சார். குதிரைகிட்டதான் சொல்லணும்.”

“என்னன்னு?”

“இது நடிப்புன்னு. போய்ச் சொல்லிட்டு வாங்க.”

வல்லிநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை.

படக்குழு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. வல்லிநாயகம் புல்வெளியைக் கடந்து போய்ப் பொட்டின் முன்னால் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்தா பாரு. இது நடிப்பு.”

பொட்டு அவர் சட்டைப் பையை மோந்து பார்த்தது.

திரும்பி வந்தார்.

“சொல்லிட்டேன்.”

“அது என்ன சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லலை.”

“அப்ப அதுக்கு இன்னும் போய்ச் சேரலை.”

மறுபடியும் போனார். இந்த முறை அவருக்குக் கோபம். இயக்குநர் என்றால் செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதானே? பஞ்சுக் கட்டியை எடுத்து அதன் மூக்கருகே நீட்டினார்.

“பஞ்சு. தெரியுதா? பஞ்சு. இதை இப்படித்தான் எறிவா...”

கையை ஓங்கினார்.

பொட்டு தலையை வெட்டி இழுத்தது. அந்தோணியின் கையிலிருந்து கயிறு பறந்தது. சரிவு தொடங்குகிற இடம்வரை ஓடிப்போய் நின்று திரும்பியது. காதுகள் பின்னால் படிந்திருந்தன.

வல்லிநாயகம் ஓர் அடி வைத்தார்.

அது ஓர் அடி பின்வாங்கியது.

“பொட்டு” என்று கூப்பிட்டார். அந்தப் பெயரை அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

அது அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ குதிரைகளை ஓடவிட்டுப் படம் பிடித்தவர் அவர். ஒரு குதிரையின் முன்னால் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

அந்தோணி கயிற்றைப் பிடிக்கப் போனார்.

“போகாதீங்கண்ணே” என்றது ஒரு குரல். ஆதிரை வந்து வல்லிநாயகத்தின் பக்கத்தில் நின்றாள்.

“நான் எறியவே இல்லை பாப்பா” என்றார் அவர்.

“கையை ஓங்கினீங்கல்ல.”

“இப்ப என்ன பண்றது?”

“அந்தப் பஞ்சைக் கீழ போடுங்க. கையைத் தொங்க விடுங்க. அப்புறம் திரும்பி நில்லுங்க. அதைப் பாக்காதீங்க.”

“எவ்வளவு நேரம்?”

“அதுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம்.”

வல்லிநாயகம் குதிரைக்கு முதுகைக் காட்டி நின்றார். ஆதிரையும் அப்படியே நின்றாள்.

செல்போன் அடித்தது. தயாரிப்பாளர். ஆதிரை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

படக்குழுவில் ஒவ்வொருவராகப் புல்லில் உட்கார்ந்தார்கள். விளக்குக்காரர்கள் விளக்கை அணைத்தார்கள். வல்லிநாயகத்துக்கு மூட்டு வலித்தது. பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கழுத்து துடித்தது.

“திரும்பாதீங்க” என்றாள் ஆதிரை.

வெயில் சாய்ந்து நிழல்கள் நீண்டன.

அப்புறம் பின்னங்கழுத்தில் ஏதோ சூடாகப் பட்டது. மூச்சு. ஈரமான மூக்கு ஒன்று அவர் காலரைத் தள்ளிப் பார்த்தது.

“வந்துருச்சா?” வாயைத் திறக்காமல் கேட்டார்.

“ம். அசையாதீங்க.”

“கோவம் போயிருச்சா?”

ஆதிரை எட்டிப் பார்த்தாள்.

“பாதி” என்றாள்.

அன்று ஒரு காட்சியும் எடுக்கவில்லை.

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வல்லிநாயகம் ஜெசிந்தாவிடம் வந்தார். சட்டைக் காலர் இன்னும் ஈரமாக இருந்தது.

“என்னால அதுகிட்டச் சொல்ல முடியலை டீச்சர்.”

“சரி.”

“அவளை விரட்டச் சொல்லவும் இனி எனக்கு வாய் வராது.”

“அப்ப நாளைக்கு என்ன எடுக்கப் போறீங்க?”

“தெரியலை.”

“யாருக்குத் தெரியும்?”

வல்லிநாயகம் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்த ஆதிரையிடம் போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“பாப்பா, உன்னை ஒண்ணு கேக்கணும். பொட்டைப் பிடிச்சுட்டுப் போக ஆளுங்க வர்றாங்க. அது உன்னை விட்டுப் போயே ஆகணும். நீ என்ன பண்ணுவே?”

ஆதிரை நகத்தைக் கடித்தாள்.

“நான்னா... அதுகூட கொஞ்ச தூரம் போவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அதுவா போகும்.”

“போகலைன்னா?”

“இன்னும் கொஞ்ச தூரம் போவேன்.”

அவர் போனை எடுத்துத் தயாரிப்பாளரைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் கத்தல் கேட்டது.

“அழுகை எங்கய்யா? அந்த அழுகைக்குத்தானே நான் படமே எடுக்கறேன்!”

“இருக்கலாம் சார். இல்லாமலும் போகலாம். போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“பாத்துட்டுச் சொல்றியா? படம் விழுந்தா?”

“என் பேர்ல விழட்டும் சார்.”

அதை ஜெசிந்தா கேட்டார். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, வண்டியில் ஏறிக்கொண்டிருந்த ஆதிரையின் தலையில் போட்டு, காது மறைய இழுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வசனத்தாள் யார் கையிலும் இல்லை.

குதிரையைப் பிடிக்க வருகிற ஆட்களாக நடிப்பவர்களையும் வல்லிநாயகம் வேண்டாம் என்றுவிட்டார். பொட்டின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அந்தோணி மட்டும் மேலே பைன் மரங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், பிள்ளைக்குத் துணையாக. ஆதிரையின் ஸ்வெட்டருக்குள் சின்ன மைக் ஒன்றை மாட்டினார்கள். கேமரா தூரத்தில் இருந்தது.

“நான் என்ன பேசணும் அங்கிள்?”

“உனக்குத் தோணினா பேசு.”

“தோணலைன்னா?”

“பேசாதே.”

அவள் நடக்க ஆரம்பித்தாள். பொட்டும் கூடவே நடந்தது. புல்வெளி மேலே மேலே போனது. சிறுமி நின்றால் குதிரை நின்றது. குதிரை மேய்ந்தால் சிறுமி காத்திருந்தாள். யாரும் யாரையும் இழுக்கவில்லை.

வல்லிநாயகம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். குளம்புச் சத்தம் கேட்டது. புல் பிய்கிற சத்தம் கேட்டது.

அப்போது பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. முதலில் பைன் மரங்கள் மறைந்தன. பிறகு குதிரையின் தலை. பிறகு சிவப்பு ஸ்வெட்டர்.

கேமராமேன் கிசுகிசுத்தார்.

“சார், ஃபிரேம்ல ஒண்ணுமே இல்லை. வெறும் வெள்ளை.”

வல்லிநாயகம் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

“கட் பண்ணவா சார்?”

வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஹெட்போனில் ஆதிரை பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாக, வாயைக் குதிரையின் காதருகே வைத்துப் பேசுவது போல. பெருமூச்சு ஒன்று கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. அவள் மறுபடியும் பேசினாள்.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை நாளில் அவராக வந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“என்ன சார் சொல்றா?”

வல்லிநாயகம் ஹெட்போனைக் கழற்றினார். அதை அவரிடம் நீட்டப்போனவர் நீட்டவில்லை. ஒலிப்பதிவுக்காரரிடம் கொடுத்து, மைக்கை அணைக்கச் சொன்னார்.

“அது நமக்குச் சொன்னது இல்லை டீச்சர்.”