டில்லிபாபுவின் இடது கை

"நாலு சந்தை ஆச்சு தரகரே. ஒரு மாட்டைக்கூட எனக்கு எவனும் விக்க மாட்டேன்றான்."

புலம்பியவர் டில்லிபாபு. வியாசர்பாடிக்காரர். ஒரு காலத்தில் கால்பந்தில் தடுப்பு ஆட்டக்காரர். இப்போது ஒரு பால் கம்பெனியில் பொது மேலாளர்.

கம்பெனியின் புதுப் பண்ணைக்கு மாடு பிடித்துத் தருவது அவர் பொறுப்பு. இன்றைக்கும் கொட்டகை காலி என்றால், நாளைக்கு அவர் நாற்காலியும் காலி.

பேரம் பேசுவது எப்படி என்று தடியாக ஒரு புத்தகம் பையில் வைத்திருந்தார். மாட்டுக்குப் போட்டிருந்தால் ஒரு வேளைப் பசியாவது ஆறியிருக்கும்.

தரகர் சென்னியப்பன் அவரைவிடப் பத்து வயது இளையவர். தோளில் கிடந்த துண்டை வலது கை மேல் போட்டு, அதற்கடியில் கையை நீட்டினார்.

அந்தச் சந்தையில் விலையை வாய் பேசாது. துண்டுக்குள் விரல் பேசும்.

டில்லிபாபு நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கை எங்கீங்க?"

"இங்கதான..." குனிந்து பார்த்தார். காணவில்லை.

"நாலு வாரமா இப்படித்தான் நின்னீங்களா?"

"இருக்கும்."

"உன்ற மாட்டைத் தொடறதே எனக்கு அசிங்கம்னு அர்த்தமுங்க அது. உங்களை மிதிக்காம விட்டாங்களே."

டில்லிபாபு காரணத்தைச் சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு இறுதி ஆட்டம். கடைசி நிமிஷம். பந்து இவர் கையில் பட்டது. பெனால்டி. கோப்பை போயிற்று.

அன்றைக்குக் கோச் போட்ட சட்டம்: எதிராளி கிட்டே வந்தால் கை முதுகில். ரெஃப்ரி மூன்று விசில் ஊதி ஆட்டத்தை முடிக்கும்வரை எடுக்கக் கூடாது. அதற்கப்புறம் இவரை எந்த ஆட்டத்திலும் இறக்கவில்லை; அந்த மூன்று விசில் இவர் காதில் விழவே இல்லை.

கல்யாணத்தில் மாப்பிள்ளை கையைக் காணோம் என்று ஐயர் தாலியை இரண்டு தடவை கீழே வைத்தாராம்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. "வாங்க" என்றார்.

ஒரு சிவப்புக் கறவை. சொந்தக்காரர் நாச்சிமுத்து முறைத்தார். போன வாரம் கையைக் கட்டி நின்று தன்னை அவமானப்படுத்திய அதே ஆள் வந்திருக்கிறார்.

சென்னியப்பன் டில்லிபாபுவின் வலது கையை, மடியிலிருந்து கன்றை இழுப்பதுபோல் இழுத்து, துண்டுக்குள் நாச்சிமுத்துவின் கையோடு சேர்த்துத் திணித்தார்.

உள்ளே நடந்தது வெளியே தெரியாது. டில்லிபாபுவின் காது சிவந்தது. ஒரு தடவை "ஃபவுல்" என்று முனகினார். அதையும் ஒரு விலை என்று நினைத்து நாச்சிமுத்து யோசித்தார். கடைசியில் தலையாட்டினார்.

துண்டு விலகியது. நாச்சிமுத்து மாட்டின் கயிற்றை நீட்டினார். டில்லிபாபு ஒரு கையால் பிடித்தார்.

கயிறு வரவில்லை.

"லட்சுமிங்க. ஒத்தைக் கையில வாங்கினா குடுக்க மாட்டேன்."

இடது கை முதுகிலேயே இருந்தது. டில்லிபாபு முக்கிப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. அது இன்னும் அந்த இறுதி ஆட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

நாச்சிமுத்து மாட்டைத் திருப்பினார்.

சென்னியப்பன் இரண்டு விரலை வாயில் வைத்தார்.

ஒரு விசில். இன்னொன்று. மூன்றாவது, நீளமாக.

சந்தையே திரும்பிப் பார்த்தது. மாடும்.

கயிறு டில்லிபாபுவின் இரண்டு கையிலும் இருந்தது. அவர் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கூடுதல் நேரம் எவ்ளோ ஓடுச்சு தரகரே?"

"இருபது வருஷமுங்க. மாட்டை ஓட்டுங்க."