முதல் சொல்லோடு நில்

"சாமி, என் சம்சாரம் வடிவு வாயே திறக்க மாட்டேங்கிறா. சோறும் இறங்கலை. பயமா இருக்கு. நீங்கதான் வழி சொல்லணும்" என்றார் சிவக்கொழுந்து.

குன்றின்மேல் மடம். சாமிக்கும் அவருக்கும் ஒரே வயசு.

"இதுவரைக்கும் என்ன பண்ணினீரு?"

"போன்ல தேடினேன். தைராய்டுன்னு வந்தது, மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் ரத்தசோகைன்னு வந்தது, பீட்ரூட் சாறு கொடுத்தேன்."

"முழுசா படிச்சீரா?"

"மேல வர்றதைத்தான். கீழ வரைக்கும் போக யாருக்குப் பொறுமை?"

"அது சரி. கடைசியா அவ உம்மகிட்ட என்ன சொன்னா?"

சிவக்கொழுந்து யோசித்தார். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் போனை எடுத்தது. கொடுமையைப் பாருங்கள், அதையும் தேடப் போனார் மனிதர்.

சாமி சிரிக்கவில்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். கேள்வியின் முதல் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு, மீதி உள்ளேயிருந்து வரும்வரை வாய்மூடி உட்கார வேண்டும். சிவக்கொழுந்து ஒருநாளும் அப்படி உட்கார்ந்தவர் இல்லை.

"அந்த வழக்கத்தை இன்னிக்குப் போன்லயே செய்யும். உம்ம கேள்வியோட முதல் சொல் 'என்'னு மட்டும் அடிச்சிட்டு விரலை எடும்."

அடித்தார். எடுத்தார்.

"முன்னாடி இதுல தேடினதெல்லாம் வரிசையா வந்து நிக்குது சாமி."

"வாசியும்."

"என் மனைவி ஏன் பேசுவதில்லை. இது நான் தேடினது."

"அடுத்தது?"

"என் கணவருக்கு நான் கண்ணுக்குத் தெரிகிறேனா."

வெளியே காற்று நின்றுபோயிருந்தது.

"இதை நான் அடிக்கலை சாமி."

"வாசியும்."

"என் முகம் கண்ணாடியில் தெரிவது நிஜமா."

அதற்குக் கீழேயும் ஒன்று இருந்தது. அவர் போனைச் சாமி பக்கம் திருப்பினார். சாமி எட்டிப் பார்த்துத் தானே வாசித்தார்.

"என் உயிர் போய்விட்டதை நான் எப்படித் தெரிந்துகொள்வது."

"நான் குளிக்கப் போறப்ப போன் கட்டில்லதான் கிடக்கும்" என்றார் சிவக்கொழுந்து. ஒவ்வொரு முறை அவர் தேடும்போதும் இந்த வரிகள் அவர் விரலுக்கு அடியிலேயே நின்றிருக்கின்றன.

"கூப்பிடும்" என்றார் சாமி.

வீட்டு போன் நெடுநேரம் அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"வடிவு, நான்தான்."

மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் மெல்ல ஒரு குரல் வந்தது.

"நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"