பதில் வந்தால் எழுதுகிறேன்

குருவுக்குத் தாடி வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. போத்தனூர் தமயந்திக்கு வயது முப்பத்து நான்கு. காய்கறி விதை விற்கிறவள். அவளிடம் பாடம் கேட்க வந்த மருதாசலத்துக்கு ஐம்பத்து மூன்று.

அவள் இணையத்தில் கடை வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை தவறாமல் தன் வலைப்பூவில் ஒரு பதிவு எழுதிவிடுவாள். அதில் அதிகம் பேர் படித்தது, ‘நான் அனுப்பிய கத்திரி முளைக்காது’ என்ற பதிவு. ஒரு மழைக்காலத்தில் விதை ஈரம் குடித்துவிட்டது. வாங்கினவர்கள் தொட்டியில் போட்டுக் காத்திருந்து ஏமாறுவதற்குள் அவளே எழுதிவிட்டாள். முளைக்காது என்று சொல்லி விதை விற்கிற ஆளைப் பார் என்று மற்ற வியாபாரிகள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களே சனிக்கிழமைகளில் அவளிடம் யோசனை கேட்க வந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மருதாசலம் மட்டும்தான் வந்தார்.

அவர் இருபத்திரண்டு வருடம் பம்ப் கம்பெனி ஒன்றின் வார்ப்படப் பட்டறையில் இருந்தவர். கம்பெனி மூடியதும் வார்ப்பிரும்பில் தோசைக்கல் செய்து, ‘மருதம்’ என்று பேர் வைத்து இணையத்தில் விற்க ஆரம்பித்தார். முதல் வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் யார் கண் பட்டதோ, நின்றுவிட்டது. கிடங்கில் முந்நூறு கல் கிடந்தன. தீபாவளிக்குள் நகராவிட்டால் கடையை மூடிவிட்டு, இந்த வயதில் மறுபடி ஒருவரிடம் போய்க் கைகட்டி நிற்கவேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“பிளாக் எழுது, பிளாக் எழுதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க அம்மணி. ஒரு கம்பெனில சொல்லி நாப்பது பதிவு எழுதி வாங்கிப் போட்டேன். ஈ காக்கா எட்டிப் பாக்கல. எழுதறதுல என்னதான் பிரயோசனம், சொல்லுங்க.”

தமயந்தி வெண்டை விதையைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“என்ன எழுதியிருக்குதுங்ணா?”

“இரும்புக் கல்லின் பத்து நன்மைகள். இரும்புக் கல்லும் ஆரோக்கியமும். அதே மாதிரி நாப்பது.”

“கீழ யாராச்சும் ஏதாச்சும் கேட்டிருக்காங்களா?”

“ஒரு அம்மா கேட்டுது. போன வருசம். அழிச்சுட்டேன்.”

“என்ன கேட்டாங்க?”

“அது எதுக்குங்க இப்போ? ஒருத்தர் கேட்டா அதப் பாத்துப் பத்துப் பேருக்குச் சந்தேகம் வரும். யாவாரம்னா அப்பப்போ தொடச்சு வெக்கத்தான் வேணும்.”

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். ‘மருதம் தோசைக்கல்’ என்று தேடி, அவரிடம் நீட்டினாள்.

மருதாசலம் தன் கடையை இப்படித் தேடிப் பார்த்ததே இல்லை. சொந்த வீட்டுக்கு யார் வழி கேட்டுப் போவார்கள்? முதலில் வந்து நின்றது அவருடைய கடை அல்ல. ‘எங்கள் அடுப்பு’ என்ற வலைப்பூ. திண்டிவனத்திலிருந்து எஸ்தர் என்கிற பெண் எழுதுவது.

“உங்க கல்லுக்கு ஏற்கெனவே ஒரு பிளாக் நல்லா ஓடிட்டிருக்குதுங்ணா,” என்றாள் தமயந்தி. “எழுதறது நீங்க இல்ல, அவ்வளவுதான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“மருதம் தோசைக்கல் வாங்கினேன். கல் நல்ல கல். கனம் சரியாக இருக்கிறது. ஆனால் அதில் சுட்ட தோசையில் பட்டறை வாசனை வந்தது. கல்லின் மேல் என்ன எண்ணெய் பூசி அனுப்புகிறீர்கள் என்று கடைக்காரரின் இணையப் பக்கத்தில் கேட்டேன். மறுநாள் பார்த்தால் என் கேள்வியைக் காணவில்லை. என் மகளுக்கு நான்கு வயது. எனக்குச் சளி பிடித்திருந்ததால் வாசனை தெரியவில்லை. அவள் மூன்று நாள் தின்ற பிறகுதான் தெரிந்தது. பதில் வந்தால் இதே இடத்தில் எழுதுகிறேன்.”

அதன் கீழே பின்னூட்டங்கள். ‘பதில் வந்ததா?’ என்று ஜூலையில் ஒருவர் கேட்டிருந்தார். ‘இன்னும் இல்லை’ என்று எஸ்தர் எழுதியிருந்தாள். செப்டம்பரில் இன்னொருவர். ‘இன்னும் இல்லை.’ பொங்கலுக்கு முன்னால் ஒருவர். ‘இன்னும் இல்லை.’ கடைசியாக ஒரு பெண், ‘சரி, நான் வேறு கடையில் வாங்கிக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள்.

மருதாசலத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

“இந்தப் பொம்பளைதான் என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருக்குது. இதை எடுக்க வெக்க வழியிருக்குதுங்களா?”

“இருக்கலாம். இதுல பொய் எதுன்னு காட்டுங்க.”

அவர் பொய்யைத் தேடி மறுபடி முதலிலிருந்து படித்தார். ‘கல் நல்ல கல்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். கடைசி வரை போய்விட்டுக் கைபேசியைக் கீழே வைத்தார்.

“என்ன எண்ணெய் பூசினீங்கண்ணா?”

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“ரஸ்ட் ஆயில். பட்டறைல பம்ப் பாடிக்குத் துரு ஏறாம இருக்கப் பூசுவோம். இருவத்திரண்டு வருசம் கை அதையே பூசிப் பழகிருச்சு. வார்ப்பு வந்தா ஆயில் போடணும், அவ்வளவுதான் தெரியும். தின்கிற பண்டம் சுடற கல்லுன்னு அப்போ புத்திக்கு ஏறல.” அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “ஆனா மாத்திட்டேன் அம்மணி! அந்தம்மா கேட்ட மறுவாரமே நல்லெண்ணெய்க்கு மாத்திட்டேன். சத்தியமா.”

“யார்கிட்டச் சொன்னீங்க?”

அவர் சிதறிக் கிடந்த வெண்டை விதைகளை விரலால் ஒன்று சேர்த்தார்.

“நாப்பது பதிவு போட்டீங்களே.”



தமயந்தி ஒரு தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்துவிட்டுப் பொட்டலம் போடப் போய்விட்டாள். மருதாசலம் தலையைச் சொறிந்து, தாடையைச் சொறிந்து, ஒரு பக்கம் எழுதி நீட்டினார். ‘எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தரமே எங்கள் உயிர்மூச்சு’ என்று அது தொடங்கியது. தமயந்தி முதல் வரியைப் படித்தாள். தாளை நான்காகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெண்டை விதையைக் கொட்டி மடித்தாள்.

“இன்னொன்னு எழுதுங்கண்ணா.”

இரண்டாவது தாளில் ஏழெட்டு வரிதான் இருந்தது.

“எஸ்தர் அவர்களுக்கு. பூசியிருந்தது பம்புக்குத் துருப் பிடிக்காமல் பூசுகிற எண்ணெய். சாப்பிடுகிற பொருளில் படக்கூடாதது. பழக்கத்தில் பூசிவிட்டேன். நீங்கள் கேட்ட பிறகு நல்லெண்ணெய்க்கு மாற்றினேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் கேள்வியை அழித்தது நான்தான். எண்ணெய் மாற்றுவதற்கு முன் வாங்கிய எல்லோரும் கல்லைத் திருப்பி அனுப்புங்கள், வேறு கல் தருகிறேன். மருதாசலம்.”

தமயந்தி இதை மடிக்கவில்லை. அன்றைக்கே அவர் அதைத் தன் பக்கத்திலும் போட்டார், எஸ்தரின் பதிவுக்குக் கீழேயும் போட்டார். வண்டியைக் கிளப்பும்போது மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி கூட்டம் வரும் என்று வீடு போய்ச் சேர்ந்தார்.

ஐப்பசி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை மறுபடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கடையை மூடிட்டேன் அம்மணி.”

தமயந்தி கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

“முப்பத்தேழு கல் திரும்பி வந்துச்சு. சொன்ன மாதிரி மாத்திக் குடுத்துட்டேன். புதுசா ஒருத்தரும் கேக்கல. திங்கக்கிழமைல இருந்து கணபதிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போறேன். ஸ்டோர் கீப்பர். மிச்சக் கல்லை அவங்களே எடைக்கு எடுத்துக்கறாங்களாம். உருக்கிப் பம்ப் ஊத்துவாங்க.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “எஸ்தரம்மா பதில் போட்டிருந்துச்சு, பாத்தீங்களா?”

“பாத்தனுங்ணா.”

எஸ்தர் சொன்ன சொல் தவறாதவள். மருதாசலத்தின் எட்டு வரியையும் ஒரு எழுத்து மாற்றாமல் அதே இடத்தில் எடுத்துப் போட்டிருந்தாள். மேலே, ‘பதில் வந்துவிட்டது. சொன்னபடி எழுதுகிறேன்.’ கீழே, ‘நன்றி. மகள் நன்றாக இருக்கிறாள். அந்தக் கல்லை அப்போதே எடைக்குப் போட்டுவிட்டோம்.’ அதில் கோபமே இல்லை. கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

“போறதுக்கு முந்தி ஒன்னு கேக்கணும்னு வந்தேன்,” என்றார். “நீங்களும் முளைக்காதுன்னு எழுதினீங்க. நானும் ஒளிக்காம எழுதினேன். என்னுதுல பொய் ஏதாச்சும் இருந்துச்சா?”

“இல்லீங்ணா.”

“அத்தனை பேரும் அந்தப் பதிலைப் படிச்சிருக்காங்க. அப்புறம் ஏன் அம்மணி ஒருத்தரும் வரல?”

தமயந்தி எஸ்தரின் பதிவைத் திறந்து கைபேசியை அவரிடம் கொடுத்தாள்.

“கேட்ட தேதி என்ன போட்டிருக்குதுங்ணா?”

“ஜூன் ஒம்பது. போன வருசம்.”

“பதில் வந்த தேதி?”

“ஆகஸ்ட் பதினேழு. இந்த வருசம்.”

“வர்றவங்க உங்க பதிலைப் படிக்கறதில்லீங்ணா,” என்றாள் தமயந்தி. “அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல இருக்கறதத்தான் படிக்கறாங்க.”

மருதாசலம் கைபேசியில் ‘இன்னும் இல்லை’ என்ற வரிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.