பெட்டிக்குள் ஓடிய கல்யாணம்

அசமந்தபுரத்துக்கு வழி கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஊர்க்காரர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது, பாவம். அந்த ஊரில் கோதண்டம், கோமதிநாயகம், சொரிமுத்து மூவரும் கூட்டாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருந்தார்கள்.

கடையில் ஒரே கம்ப்யூட்டர். எந்த மகராசனோ அதன் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்கள் இரண்டை, ஒரு பாதியில் விண்டோஸையும் மறு பாதியில் லினக்ஸையும், குடிவைத்திருந்தான். பத்திரிகை எழுதுவது விண்டோஸில். பிரிண்டரோ லினக்ஸ் சொன்னால்தான் கேட்கும். ஒன்றை அணைத்துத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். அணைத்துத் திறப்பதற்குள் யாருடைய பத்திரிகை என்பது மூவருக்கும் மறந்துபோகும்.

இந்த முறை மறக்க வழியில்லை. கல்யாணமே கோதண்டத்துக்குத்தான். செண்பகவல்லியைக் கட்ட அவன் தவமாய்த் தவம் கிடந்தவன். "வெள்ளிக்கிழமைக்குள்ள பத்திரிகை வைக்கலைன்னா வேற மாப்பிள்ளை பார்த்துக்குவேன்" என்று மாமனார் வீரபாகு சொல்லிவிட்டார். அதிலிருந்து கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை.

டவுனிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஜெசிந்தாவை வரவழைத்தார்கள். கெட்டிக்காரி. அரைப் பொழுதில் வேலையை முடித்தாள்.

"இனி அணைக்கவே வேண்டாம், அண்ணாச்சி. லினக்ஸ் ஓடும்போதே அதுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு திறக்கும். உங்க விண்டோஸ் பாதி அதுல அப்படியே ஓடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிறதை இன்னொரு தடவை ஆரம்பிச்சிராதீங்க. ஒரே இலையில ரெண்டு பேர் உட்கார்ந்த கதையா ரெண்டும் நாசமாப் போயிரும்."

மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள். அவள் பஸ் ஏறினாள்.

சொன்னபடியே உள்ளே விண்டோஸ் வந்தது, பத்திரிகையும் வந்தது. அச்சடிக்கச் சொன்னால், பிரிண்டரே இல்லை என்றது.

"உள்ள இருக்கிறவனுக்கு வெளியில இருக்கிறது எப்படித் தெரியும்?" என்றான் கோமதிநாயகம்.

நியாயம்தானே. பிரிண்டரைத் தூக்கித் திரைக்கு நேராக வைத்தார்கள். பொழுது சாயும்வரை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பழக்கம் ஏற்படவில்லை.

"பத்திரிகை பேப்பர்லதான் இருக்கணும்னு உன் மாமனார் சொன்னாரா?" என்று கேட்டான் சொரிமுத்து.

கோதண்டம் வெகுநேரம் யோசித்தான். "சொல்லலை" என்றான். அப்போதுதான் அவனுக்கு உயிரே வந்தது.

திரையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் ஏந்தி அவன் முன்னே போனான். கம்ப்யூட்டர் பெட்டியைத் தலையில் சுமந்து கோமதிநாயகம் நடந்தான். கடையிலிருந்து வயரை விட்டுக்கொண்டே சொரிமுத்து வந்தான். வயர் எட்டிய வீடுகளுக்கெல்லாம் அழைப்பு. எட்டாத பெரியப்பா வீடு அன்றோடு பகை.

"இவ்வளவு பெரிய பத்திரிகை நம்ம ஊர்ல யாரும் வச்சதில்லை" என்று வீரபாகு பூரித்துப்போனார்.

வயர் எட்டுகிற மண்டபமாகப் பார்த்துப் பிடித்தார்கள். அணைக்கவே வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லியிருந்ததால், முகூர்த்தத்தன்றும் கம்ப்யூட்டர் பத்திரிகையைக் காட்டியபடி மணமேடையில் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் முழங்க, கோதண்டம் தாலியை எடுத்தான். சொரிமுத்து பாய்ந்து கையைப் பிடித்தான்.

"திரையைப் பாரு. முகூர்த்தம் ஒன்பது மணின்னு போட்டிருக்கு. இப்ப மணி ஒன்பது. உள்ள உன் கல்யாணம் ஓடிக்கிட்டிருக்கு. நீ வெளியில இன்னொரு தடவை ஆரம்பிச்சா ரெண்டும் நாசம்."

மேளம் நின்றது. "நல்லவேளை பார்த்தீங்க, தம்பி" என்று வீரபாகு வியர்வையைத் துடைத்தார். கோதண்டத்துக்கோ அழுகை முட்டியது. கட்டினால் கல்யாணம் கெடும், கட்டாவிட்டால் நேரம் கடக்கும்.

செண்பகவல்லி மெல்லத் தலை நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தானே.

"எதுக்கு அழுறீங்க? உள்ள இருக்கிறவங்க முதல்ல கட்டி முடிச்சு எந்திரிக்கட்டும். நாம ரெண்டாம் பந்தியில கட்டிக்கலாம்."

ஊரே அவள் புத்தியை மெச்சியது. கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாலியைத் தட்டில் வைத்துவிட்டு, முறைக்காகக் காத்து உட்கார்ந்தான். சமையல்காரர் மட்டும் கையில் கரண்டியோடு ஓடிவந்து, பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, உள்ளே எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.