ஒடிந்த பென்சிலும் முந்நூறு அடியும்

முன்னொரு காலத்தில் ஜியோமெட்ரி பெட்டிக்குள் ஓர் ஊர் இருந்தது. அங்கே அளவுகோலார்தான் பரீட்சை அதிகாரி. மகா நேர், வளையவே மாட்டார். தள்ளி உட்கார வைத்துவிட்டால் ஒருவன் பதிலுக்கும் இன்னொருவன் பதிலுக்கும் சம்பந்தமே இருக்காது என்று அடித்துச் சொல்லுவார்.

அந்த வருஷம் கூரன், மொக்கையன் என்று இரட்டையர் வந்தார்கள். ஒரே பென்சில் இரண்டாக ஒடிந்து பிறந்தவர்கள். ஒருவனைக் கிழக்கு அறையிலும் மற்றவனை மேற்கு அறையிலும் உட்கார வைத்து, நடுவில் முந்நூறு அடி என்று அளவுகோலார் தாமே அளந்து அறிக்கையில் எழுதினார்.

மொத்தம் மூன்று கேள்விகள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அறையிலும் ஒரே நொடியில் தனித்தனியாகப் பகடை உருட்டி, விழுந்த கேள்வியை மட்டும் கேட்பார்கள். உடனே ஆம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். தொண்டை கிழியக் கத்தினாலும் அதற்குள் அடுத்த அறைக்குப் போய்ச் சேராது.

ஆயிரம் சுற்று நடந்தது. இருவருக்கும் ஒரே கேள்வி விழுந்தபோதெல்லாம் ஒரே பதில்! ஒருதரம்கூடப் பிசகவில்லை.

"பிட் அடித்திருக்கிறான்கள்!" என்று குதித்தார் அளவுகோலார். "ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று பதிலையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறான்கள்."

சோதனை போட்டதில் துண்டுக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை.

"மனசுக்குள் வைத்திருப்பான்கள். அதே வேலையை நான் செய்து காட்டுகிறேன். காட்டிவிட்டால் இரண்டு பேரும் ஷார்ப்னர் வாய்க்குள்!"

ஷார்ப்னர் பல்லைக் காட்டியது. மொக்கையன் கூரன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பாவம், ஏற்கெனவே பாதி ஆள்.

அளவுகோலார் இரண்டு ரப்பர்களைக் கூப்பிட்டு, ஆயிரம் சுற்றுக்கும் தம் கையாலேயே பிட் எழுதிக் கொடுத்தார். ஒரே கேள்விக்கு ரப்பர்களும் ஒரே பதில் சொல்லின.

"பார்த்தீர்களா!" என்றார்.

கிழக்கு அறை ரப்பர் இழுத்தது. "ஐயா, வேறு வேறு கேள்வி விழுந்த சுற்றுகளையும் பாருங்களேன். அங்கே பென்சில்களின் பதில் நூற்றுக்கு இருபத்தைந்து தடவைதான் ஒத்துப்போகிறது. எங்களுக்கு அதைவிட அதிகம்."

"நீ உளறியிருப்பாய்."

"உங்கள் கையெழுத்தைத்தானே ஐயா படித்தோம்!"

மாற்றி மாற்றிப் பத்து தடவை எழுதினார். கேள்வி மூன்று, பதிலோ இரண்டே இரண்டு. எப்படி எழுதினாலும் ஏதாவது இரண்டு கேள்விக்கு ஒரே பதில் வந்துதான் தீரும். கேள்விகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று ஜோடி; அதில் ஒரு ஜோடியாவது, அதாவது நூற்றுக்கு முப்பத்துமூன்றாவது, ஒத்துப்போகும். எவ்வளவு பெரிய எம்டன் பிட் எழுதினாலும் முப்பத்துமூன்று இருபத்தைந்தாக இறங்குமா? இறங்கவில்லை.

ஷார்ப்னர் வாயை மூடிக்கொண்டு போனது.

"டேய், உண்மையைச் சொல்லுங்கள். எப்படிடா?" என்றார் அளவுகோலார்.

"சத்தியமாகத் தெரியாதுங்கய்யா," என்றான் மொக்கையன். "அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூட என்னால் முடியாது. கேள்வி விழுகிறவரை என் பதில் எனக்கே தெரியாது."

அளவுகோலாருக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அறிக்கையை இழுத்து வைத்துப் பார்த்தார். 'இருவருக்கும் இடையே உள்ள தூரம்: முந்நூறு அடி.' இவ்வளவு தள்ளி வைத்தும் இரண்டு பேரும் தனித்தனி ஆகவில்லையே!

"அந்த முந்நூறை அழி," என்றார் ரப்பரிடம்.

அழித்துவிட்டு, "வேறு எவ்வளவு என்று போடுவது ஐயா?" என்று கேட்டது ரப்பர்.

அளவுகோலார் தம் உடம்பிலிருந்த கோடுகளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காலியாகவே இருக்கட்டும்."