காதுக்குள் குண்டுமணி

மருதங்கோட்டை ராஜாவின் செல்ல மகள் காதுக்குள் ஒரு குண்டுமணி போய் உட்கார்ந்துகொண்டது. அரண்மனை வைத்தியர் இடுக்கியை நுழைப்பார், சீடன் எதிரே நின்று எட்டிப் பார்த்து, "இடப்பக்கம், குருவே!" என்பான். அவனுக்கு இடம், அவருக்கு வலம். மணி இன்னும் உள்ளே போனதுதான் மிச்சம்.

"காதைக் கீற வேண்டியதுதான்," என்றார் வைத்தியர்.

சந்தையில் காது குடைகிற வேம்படியான் கும்பிட்டு நின்றான். "கத்தி வேண்டாம் மகாராஜா. நானே பார்த்து நானே எடுக்கிறேன்."

"பார்க்க ஒருவன், எடுக்க ஒருவன். அதுதான் முறை, போடா!" என்று சீறினார் வைத்தியர்.

"அந்த முறையில சாப்பிட்டுக் காட்டுங்க, சாமி."

ராஜா இலை போடச் சொன்னார். வைத்தியரின் கண்ணைக் கட்டியாயிற்று. எதிரே நின்ற சீடன் வழி சொல்ல, பாயசத்துக்குப் போன கை மிளகாய் ஊறுகாயை அள்ளி வாயில் போட்டது.

அதற்குள் வேம்படியான் மயிலிறகுக் காம்பைக் குழலாக்கி, முனையில் மின்மினி ஒன்றை உட்காரவைத்து, விளிம்பில் பலாப்பிசின் தடவிவிட்டான். மின்மினி எப்படிச் சம்மதித்தது என்று கேட்காதீர்கள். குழல் வழியே பார்த்தபடியே குழலை நகர்த்தினான். கண் போன இடத்துக்கே கையும் போனது. மணி ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இந்தக் காதும் கேட்குது!" என்று குழந்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ராஜா கண்கலங்கிக் கைகூப்பினார்.

வைத்தியரும் கும்பிட்டார். "பிள்ளையைக் கத்தியிலிருந்து காப்பாத்தினே, நீ நல்லா இருப்பே. எனக்கும் அப்படி ஒரு குழல் செய்து கொடு. அதுக்கு முன்னாடி ஒரு செம்பு மோர் கொடு!"