எட்டு பிட் சமத்துவம்

ரஹ்மத் பீவிக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். முதலாவது, பீடிக் கடைக்காரர் அவள் சுற்றிய நல்ல பீடியையும் சொத்தை என்று தள்ளினார். இரண்டாவது, அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது, புகையிலைத் தூளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது, வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரையும் திரும்ப எடுத்தபோது அவளை மட்டும் எடுக்கவில்லை. சங்கம் அதை அடுத்த பேச்சுவார்த்தைக்கு ஒத்திவைத்தது. அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் நடக்கவில்லை. நான்காவதைச் செய்தவர் சங்கத்தின் முன்னாள் செயலாளர் செம்புலிங்கம். செய்யும்போது அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்திருந்தார்.

அறுபத்தெட்டு வயதில் அவர் முக்கூடலிலிருந்து பஸ் ஏறி ஒலிப்பதிவு படிக்கப் போனார். சொல்லிக் கொடுத்தவள் ஜெசிந்தா. பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுக்களுக்குப் பதிவு செய்பவள், அவரைவிட முப்பது வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். பீடி சுற்றும் பெண்களின் பாட்டுகளைத் தொகுத்து மே தினத்தில் வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ரஹ்மத் பீவியையும் சேர்த்து ஐந்து பெண்கள் ஸ்டூடியோவுக்கு வந்து பாடினார்கள். அந்தப் பதிவுகள் இருபத்துநாலு பிட். ஆறாவது பாட்டு, எப்போதோ இறந்துபோன ஒருத்தி பழைய கருவி ஒன்றில் பாடி வைத்தது. அது எட்டு பிட்.

"பிட்டுன்னா என்ன டீச்சர்?"

"ஏணிப்படின்னு வச்சுக்கிடுங்க. பிட்டு கூடக் கூடப் படி நெருக்கமா இருக்கும். சின்னச் சத்தமும் கால் வைக்கலாம்."

"அப்ப இந்த எட்டையும் இருபத்துநாலாக்கிருவோம்."

"ஆக்கலாம். பாத்திரம்தான் பெருசாகும். உள்ள இருக்கது அதேதான்."

மறுநாள் ஜெசிந்தா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். செம்புலிங்கம் தனியாக உட்கார்ந்து யோசித்தார். ஒரே மேடையில் இரண்டு வர்க்கமா? கீழே இருப்பதை ஏற்ற முடியாதென்றால் மேலே இருப்பதை இறக்க வேண்டியதுதான். ஐந்தையும் எட்டு பிட்டாக்கி, அசல் பதிவுகளின் மேலேயே பதிந்தார். பிரதி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கையும் விடவில்லை. அரைகுறைப் புரட்சி அவருக்குப் பிடிக்காது.

மற்ற நால்வருக்கும் வயற்காட்டுத் தொண்டை. கொஞ்சம் கரகரத்தாலும் தாங்கினார்கள். ரஹ்மத் பீவி பிள்ளையைத் தூங்க வைப்பவள் போலப் பாடுகிறவள். அவள் பாட்டில் இரைச்சல்தான் மிஞ்சியது. மறுபடி பாட அழைத்துவர மேலப்பாளையத்துக்கு ஆள் போனபோது, அவளுடைய அடக்கம் முடிந்து வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"திட்டுங்க டீச்சர்."

ஜெசிந்தா திட்டவில்லை. அந்தப் பாட்டை ஓடவிட்டு ஒலியைக் கூட்டினாள். குரலோடு இரைச்சலும் ஏறியது. இன்னும் கூட்டினாள். இன்னும் ஏறியது. நிறுத்தினாள்.

"எல்லாருக்கும் ஒரே அளவாத்தான வெட்டினேன்?"

"ஆமா அண்ணாச்சி. சத்தமாப் பாடினவளுக்கு முடி போச்சு. மெதுவாப் பாடினவளுக்குத் தலை போச்சு."

வெளியிடுவதற்கு முன் நான்கு பெண்களும் கேட்க வந்தார்கள். ரஹ்மத் பீவிக்குப் பதில் அவள் மகள் மைமூன் வந்தாள்.

"ஏ அண்ணாச்சி, என்ன இது, அப்பளம் பொரிக்கியளா?" என்றாள் நால்வரில் ஒருத்தியான பேச்சிக்கனி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

மைமூன் சிரிக்கவில்லை. "எங்க உம்மா இப்படியா பாடுவா? நாளைக்குக் கேக்குறவன் அவ தொண்டையே இப்படித்தான்னு நெனப்பான். எம் பிள்ளையும் அப்படித்தான் நெனப்பான். இத எடுத்துருங்க."

"எடுத்துட்டா அவ பாடவே இல்லன்னு ஆயிரும்மா."

செம்புலிங்கம் ஜெசிந்தாவைப் பார்த்தார். "என்ன செய்ய டீச்சர்?"

ஜெசிந்தா மைக்கை அவர் முன்னால் நகர்த்தினாள். "பாட்டுக்கு முன்னால ஒரு வரி சொல்லுங்க. கேக்குறவனுக்குத் தெரியட்டும்."

துண்டறிக்கை எழுதியே பழகிய கை. வரி உடனே வந்தது. வாசித்தார். "தொழில்நுட்பக் காரணங்களால் இப்பாடலின் ஒலித்தரம் குறைந்துள்ளது."

"தொழில்நுட்பக் காரணமா? அவரு எந்த ஊரு அண்ணாச்சி?" என்றாள் ஜெசிந்தா.

பேச்சிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் அதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "சங்கத்தின் கவனக்குறைவால்..."

"சங்கமே தெரண்டு வந்தா பட்டனை அமுக்குச்சு?"

பேனா நின்றது. வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போன கருங்காலிகளின் பெயர்களைக் கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்து வாசித்தவர் அவர். ஒரு பெயருக்கும் குரல் தடுமாறியதில்லை. இப்போது தண்ணீர் கேட்டார். குடித்தார். மைமூன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமாச் சொல்ல வராது போலிருக்கே டீச்சர்."

ஜெசிந்தா பதிவுப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மெதுவாவே சொல்லுங்க அண்ணாச்சி. இது இருபத்துநாலு பிட். கேக்கும்."

"இந்தப் பாட்டைப் பாடியவர் மேலப்பாளையம் ரஹ்மத் பீவி. அவர் குரல் இப்படி இருந்ததில்லை. அதை இப்படிக் கெடுத்தவர்..."

வந்திருந்த ஐந்து பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முக்கூடல் செம்புலிங்கம்."